சிமெண்ட் கொட்டகையும் என் இடுப்புச் சாவியும்

கட்டடம் கட்டுகிற இடத்தில் காவல் இருப்பது என்பது, சுவர் எழும்பாத வீட்டுக்குப் பூட்டுப் போடுகிற வேலை. மணல், ஜல்லி, செங்கல், சவுக்குக் கழி எல்லாம் தெருவோரமாகவே கிடக்கும். பிள்ளைகள் மணலில் விளையாடுவார்கள். அடுப்புக்குக் கல் வேண்டியவர்கள் செங்கல் அடுக்கைப் பார்த்துக்கொண்டே மெதுவாக நடப்பார்கள். அதட்டினால் ஊர்ப் பகை, அதட்டாவிட்டால் முதலாளி பகை. சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு அரைத் தூக்கம் தூங்கிய பாவப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், எந்தெந்த இடத்தில் நான் சாவியைத் தொட்டுப் பார்த்திருப்பேன் என்று நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. திருப்புட்குழியில் எங்கள் தெரு நாய்களுக்குக்கூட அது தெரியும். என்னைப் பார்த்தால் மட்டும் எழுந்து நின்று குரைக்கும். அப்படிப்பட்டவன் காவலுக்குப் போனேன் என்றால், வீட்டு நிலைமை என்னவென்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சாவி கைக்கு வந்தது

சிமெண்டுக்குப் பர்மிட் வாங்க வேண்டியிருந்த காலம் அது. மனு எழுதிக் கொடுத்து, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, கடைசியில் கேட்டதில் பாதி வந்தால் பெரிய காரியம். காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெருவில், அந்தத் தெருவின் சங்கம் தனக்கென்று ஒரு கட்டடம் கட்டத் தொடங்கியிருந்தது. பட்டு நூல் வைக்க ஓர் அறை, நெய்த சேலை வைக்க ஓர் அறை, கூட்டம் போட ஒரு ஹால். பர்மிட் சங்கத்தின் பேரில், வேலை காண்ட்ராக்டர் பேரில். காண்ட்ராக்டர் வேலூர்ப் பக்கத்துக்காரர். அவரை நாங்கள் முதலாளி என்போம். எப்போதாவதுதான் வருவார். அன்றாடம் வேலையைப் பார்த்துக்கொண்டது அவர் மனைவியின் தம்பி கோபால் மேஸ்திரி. அவர் முசரவாக்கத்தில் வீடு பிடித்துத் தங்கியிருந்தார்.

எனக்கு முன்பு அங்கே காவல் இருந்தவர் மாகறல் முனுசாமி. சிமெண்ட் மூட்டை குறைகிறது என்று முதலாளி புகார் கொடுத்து, அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூட்டை கிடைக்கவில்லை. முனுசாமி மட்டும் திரும்பி வந்தார். வலது கை விரல்கள் மடங்கவில்லை என்று தெருவில் சொன்னார்கள். நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கேட்காமலே எல்லாரும் சொன்னார்கள்.

முதல் நாள் முதலாளி என்னைச் சிமெண்ட் கொட்டகைக்கு அழைத்துப் போனார். தகரக் கூரை, பலகைக் கதவு. கதவில் என் முஷ்டி அளவுக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு. பூட்டித் திறந்து காட்டிவிட்டுச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. "பூட்டு இது, சாவி இது. உள்ள ஒண்ணு கொறஞ்சாலும் நான் உன்னத்தான் கேப்பேன் ராஜவேலு. வேற ஒருத்தரயும் கேக்கமாட்டேன்."

சட்டை போட்ட காவல்காரர்

என்னைத் தவிர அங்கே இன்னொரு காவல்காரரும் இருந்தார். கண் திருஷ்டிக்காகச் சாரத்தில் கட்டித் தொங்கவிட்ட வைக்கோல் பொம்மை. முதலாளியின் பழைய சட்டை, பழைய கால்சட்டை, தலைக்குப் பானை, பானையில் கரியால் மீசை. பொழுது சாயும் நேரத்தில் காற்றடித்தால் பொம்மை மெதுவாக என் பக்கம் திரும்பும். முதலாளியே வந்து மூட்டையைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று எனக்குத் தோன்றும். நான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததே கிடையாது.

ஒரு நாள் காலையில் குளத்துக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், பொம்மை அம்மணமாகத் தொங்குகிறது. சட்டையும் இல்லை, கால்சட்டையும் இல்லை. பானை மட்டும் மீசையோடு சிரித்துக்கொண்டிருக்கிறது. ஒரு கிழிந்த சட்டைக்கும் என்னை ஸ்டேஷனுக்கு அனுப்புவார்களா என்று யோசித்துப் பார்த்தேன். அனுப்பமாட்டார்கள் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. என் சொந்தச் சட்டையைக் கழற்றிப் பொம்மைக்கு மாட்டிவிடலாமா என்று நான் நின்றுகொண்டிருந்தபோது, சித்தாள் பச்சையம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பொம்மையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "பயங்காட்ற பொம்மைக்கே இந்தக் கெதின்னா, நீ பொத்தானெல்லாம் ஒழுங்கா போட்டுக்கபா."

கம்பளி

ஒரு மத்தியானம் வேலி ஓரமாக ஒருவர் வந்து நின்றார். ஒல்லி, கறுப்பு, தோளில் ஒரு துண்டு. வெகு நேரம் நின்றுகொண்டே இருந்தார். திருட வந்தவர்கள் இப்படி நிற்கமாட்டார்கள். அவர்கள் உடனே ஏதாவது வழி கேட்பார்கள். நான் தயங்கித் தயங்கிக் கிட்டே போனேன். "நான் முனுசாமி. கொட்டாயில ஒரு கம்பளி வெச்சிருந்தேன். இருக்குதாபா?" என்றார்.

கம்பளி இருந்தது. அதைத்தான் நான் இத்தனை நாளாகப் போர்த்திக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டதும் அவருடைய குளிர், அவருடைய பயம் எல்லாவற்றையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டிருந்தது போல எனக்கு உடம்பு கூசியது. உள்ளே வந்து உட்காருங்கள், டீ வாங்கி வருகிறேன் என்றேன். அவர் ஓர் அடி பின்னால் போனார். வாசலில் மூங்கில் தட்டி அகலத் திறந்துதான் இருந்தது. வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள், ஒருவரும் கூப்பிடவில்லை. கோபால் மேஸ்திரி குனிந்து செங்கல்லை எண்ண ஆரம்பித்தார். நான் கம்பளியை உதறி மடித்துக்கொண்டு வந்து நீட்டினேன். முனுசாமி இடது கையால் வாங்கினார். வலது கை துண்டுக்குள்ளேயே இருந்தது. உள்ளே வராததற்குக் காரணம் கேட்டேன். "உள்ள வந்துட்டு வெளிய போனா, இன்னாத்தையோ எடுத்துக்கினு போறான்னு சொல்லுவாங்க. நீ குடுத்தத நாலு பேர் பாத்தாங்க இல்ல, அது போதும்பா."

சுவரில் வந்த சின்னம்

அது தேர்தல் சமயம். தெரு முகப்பில் இருந்த சுற்றுச்சுவருக்கு அன்றுதான் பூச்சு முடிந்திருந்தது. ஈரம் காயவில்லை. நான் டீக்கடைக்குப் போய் வருவதற்குள் யாரோ ஆணியாலோ குச்சியாலோ சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கட்சியின் சின்னத்தைக் கீறிவிட்டார்கள். நன்றாகவே கீறியிருந்தார்கள். முதலாளி வேறு கட்சி. அவர் பார்த்தால் என்னைத் தொலைத்துவிடுவார். அழித்தால் அந்தக் கட்சிக்காரர்கள் என்னைத் தொலைத்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் எனக்கு ஓட்டுப் போடக்கூடியவர்கள் யாரும் இல்லை.

கொத்தனார் கரணையை நீட்டி, "நீயே தேச்சிடு" என்றார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கடைசியில் புத்தி வேலை செய்தது. புதுப்பூச்சு வெடிக்காமல் இருக்க ஈரச் சாக்குப் போடுவது வழக்கம்தானே? சின்னம் தெரியாதபடி சாக்குகளைத் தொங்கவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் கட்சிக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். முன்னால் வந்தவர் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். அவர் சாக்கைப் பத்திரமாக இறக்கிவிட்டு என் தோளில் தட்டினார். "நம்ம சின்னத்துக்கு வெயில் படாம சாக்கு போட்டு, தண்ணி வேற ஊத்திக்கினு இருக்கியே! உன்ன மாதிரி தொண்டன்தான்பா எங்களுக்கு வோணும்."

மூட்டை குறைந்தது

சிரித்ததெல்லாம் அதோடு சரி. கொட்டகையில் சிமெண்ட் அடுக்கு என் தோள் உயரத்துக்கு இருக்கும். நான் காலையும் மாலையும் அதன் பக்கத்தில் நின்று பார்ப்பேன். கணக்குப் பார்ப்பதைவிட அது எனக்குச் சுலபம். ஒரு நாள் காலையில் வேலைக்கு மூட்டை எடுக்கக் கதவைத் திறந்தேன். அடுக்கின் பின்வரிசை என் மார்புக்குத்தான் வந்தது.

முதலில் நான் வளர்ந்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். பயத்தில் மனிதனுக்கு என்னென்னவோ தோன்றுகிறது. பூட்டு உடையவில்லை. கதவு பெயரவில்லை. தகரத்தில் ஓட்டை இல்லை. சாவி என் அரைஞாண் கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் நான் கொட்டகைக் கதவில் முதுகைச் சாய்த்துத்தான் படுத்திருந்தேன். விடியற்காலையில் குளத்துக்குப் போய்க் குளித்து, ஒரு டீ குடித்துவிட்டு வரும் நேரம் ஒன்றுதான் அங்கே ஒருவரும் இல்லாத நேரம். அதற்குள் பூட்டைத் திறந்து மூட்டையை எடுத்து மறுபடி பூட்டிவிட்டுப் போவது மனிதரால் ஆகிற காரியமா? முனுசாமி துண்டுக்குள் மறைத்த கை என் கண்முன் வந்தது. என் விரல்களை நான் மடக்கிப் பார்த்துக்கொண்டேன்.

முதலாளியிடம் சொல்ல முடியாது. சொன்னால் திருடியது நான் என்று நானே போய் ஒப்புக்கொண்டது போல. மூச்சு வாங்க ஓடிப் போய்க் கோபால் மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, என் முகத்தையே பார்த்தார். பிறகு என்னைச் செங்கல் அடுக்குக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் மெதுவாகப் பேசினார். அன்று சாயங்காலமே நான் கோயிலுக்குப் போய் அவர் பேருக்கு ஒரு அர்ச்சனை செய்தேன். அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டார், தெரியவில்லை. சாமி பேருக்கே செய்யச் சொன்னேன். அப்படி என்ன சொன்னார் என்று கேட்கிறீர்களா? "நீ வாயத் தொறக்காத. மாமா காதுல வுழுந்துச்சின்னா உனக்கும் முனுசாமி கததான். நான் சரிக்கட்டிக்கறேன், நீ பாட்டுக்கு நிம்மதியா குளிச்சிட்டு வா."

கஞ்சி வாசனை

அதற்கப்புறம் எனக்குத் தூக்கமே போயிற்று. கண்ணில் பட்டதெல்லாம் திருட்டாகவே தெரிந்தது. அப்போதுதான் சவுக்குக் கழிகள் நடமாடுவதைக் கவனித்தேன். சுவருக்கு வெளியே அடுக்கி வைத்த கழிகளில் சில, நான் குளித்துவிட்டு வரும்போது இருக்காது. வேலை தொடங்கும் நேரத்தில் பார்த்தால் பழையபடி அடுக்கில் இருக்கும். இது இடையிடையே சில நாட்களில் மட்டும் நடந்தது. எடுத்துக்கொண்டு போகிற திருடனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். திரும்பக் கொண்டுவந்து அடுக்கி வைக்கிற திருடன் உண்டா? அந்த மனையில் முன்பு ஒரு முனி இருந்தது என்று பச்சையம்மா வேறு சொல்லி வைத்திருந்தாள். கழியை முகர்ந்து பார்த்தேன். சோற்றுக் கஞ்சி வாசனை. முனிக்குக் கஞ்சி எதற்கு?

மறுநாள் குளத்துக்குப் போகிறவன் போல் போய்ப் பாதி வழியில் திரும்பினேன். வெளுத்துக்கொண்டு வந்தது. தெருவில் பாவு நீட்டிக்கொண்டிருந்தார்கள். இதை எத்தனையோ காலை பார்த்தவன்தான், பாவுக்குக் கீழே நிற்கிற கம்பை மட்டும் பார்த்ததில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டுப் பாவை, அதாவது சேலையின் நீளவாட்டு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, பிரஷ்ஷால் வாரி, அறுந்த இழைகளைப் பிணைத்து, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்டிவிடுவார்கள். ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே வந்து கை கொடுக்கும். அந்தப் பாவு என் சவுக்குக் கழிகளின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. நடுவில் சங்கத் தலைவர் சதாசிவமே பிரஷ்ஷும் கையுமாக நின்றார்.

அதட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். தெரு முழுவதும் திரும்பிப் பார்த்ததும் என் குரல் வணக்கம் சொல்லிவிட்டது. பிறகு தயங்கித் தயங்கி, கழியை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். எங்கள் மணல் குவியல் தெருவை அடைத்துக்கொண்டு கிடப்பதால், பாவை வளைத்துக் கட்ட வேண்டியிருக்கிறது, அதற்குக் கம்பு போதவில்லை என்றார்கள். இவர்கள் கேட்டும் கோபால் மேஸ்திரி மணலைத் தள்ளித் தரவில்லையாம். அன்றைக்கே, மேஸ்திரி இல்லாத நேரமாகப் பார்த்து, பச்சையம்மாவையும் இன்னும் சிலரையும் வைத்து மணலைத் தெருக்கோடிக்குத் தள்ளிவிட்டேன். இனிமேல் எங்கள் வாசலுக்கு நேராகவே பாவை நீட்டிக்கொள்ளுங்கள், கழியையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். பெருந்தன்மையால் இல்லை, தெருவே எதிரியானால் மூட்டைப் பழியும் சேர்ந்து என் தலையில் விழும் என்ற பயத்தால். சதாசிவம் பிரஷ்ஷை நிறுத்தாமலே சொன்னார். "மணலு நகரும், பாவு நகராதுபா. இத மேஸ்திரிக்கி எத்தினியோ வாட்டி சொன்னோம், நீதான் கேட்டுக்கின."

பாவு காய்கிற வரை

சில நாள் கழித்து ஒரு விடியற்காலையில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு தெருமுனை திரும்பினேன். எங்கள் வாசலுக்குள் ஒரு மாட்டு வண்டி நின்றது. மாடுகளின் தலை தெருப் பக்கம். வண்டியில் வைக்கோல், வைக்கோலுக்குக் கீழே சாக்கு மூட்டைகள். வண்டிக்கு முன்னால், எங்கள் வாசலுக்குக் குறுக்கே, அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுப் பாவு தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தது. என் கால்கள் நடுத்தெருவிலேயே நின்றுவிட்டன.

நடந்தது இதுதான். நான் குளத்துக்குக் கிளம்பியதும், தெரு வெறிச்சென்று இருந்தபோது வண்டி உள்ளே போயிருக்கிறது. மூட்டைகளை ஏற்றி முடிப்பதற்குள் தெருக்காரர்கள் வந்து பாவை நீட்டிவிட்டார்கள். நான் வாசல் பக்கம் நீட்டச் சொன்னது மேஸ்திரிக்குத் தெரியாது. வண்டி வெளியே வர வேண்டுமானால் பாவை அறுத்துக்கொண்டுதான் வர வேண்டும். கஞ்சி ஈரம் காயாமல் பாவைச் சுருட்டவும் முடியாது. சுருட்டினால் இழை ஒட்டிக்கொண்டு மொத்தமும் பாழ். கோபால் மேஸ்திரி வண்டி பக்கத்தில் நின்று, "ஓட்டுயா, ஓட்டுயா" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் ஏகாம்பரம் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

சதாசிவம் பாவைக் குனிந்து கடந்து வந்து வைக்கோலை விலக்கினார். "மூட்ட எங்க போவுது மேஸ்திரி?" என்று கேட்டார். மேஸ்திரி திரும்பினார். தெருவில் நனைந்த கோழியாய் நின்ற என்னைப் பார்த்தார். உடனே கையை நீட்டி, "அதோ வரான் பாருங்க, அவனக் கேளுங்க. சாவி அவங்கிட்டதான் இருக்குது" என்றார். அர்ச்சனை செய்தேனே, அந்த வாய்தான். பிரஷ் பிடித்த கைகள் எல்லாம் நின்றன. ஒவ்வொரு முகமும் என் பக்கம் திரும்பியது. ஸ்டேஷன் வாசல், மடங்காத விரல்கள், வீட்டில் என் மனைவி, எல்லாம் ஒன்றாகக் கண்ணில் சுழன்றன. அரைஞாண் கயிற்றை இழுத்து, ஈரம் சொட்டுகிற சாவியை மட்டும் வெளியே எடுத்துக் காட்டினேன்.

சதாசிவம் சாவியைப் பார்த்தார். பிறகு கொட்டகைக் கதவைப் பார்த்தார். பூட்டு வாயைத் திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதில் இன்னொரு சாவி செருகியிருந்தது. ஒரு ஆளை முதலாளியிடம் அனுப்பிவிட்டு, எல்லாரும் மறுபடி பாவை வாரத் தொடங்கினார்கள். வெயில் வந்து கஞ்சி காய்கிற வரை மேஸ்திரி அந்த வண்டிப் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. நானும் ஈர வேட்டியோடு நின்றேன். கொஞ்சம் மூச்சு வந்த பிறகு, பாவை அறுத்துக்கொண்டு ஓட்டியிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று ஏகாம்பரத்தைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எங்க ஆத்தா தறியில வளத்த ஒடம்புபா இது. சிமெண்ட்ட தூக்கறது ஒரு பாவம். ஒருத்தன் பாவுல மாட்ட ஓட்டறது ஏழேழு ஜென்மத்துப் பாவம்."

வீட்டு விஷயம்

முதலாளி வந்து சேரும்போது பாவு சுருட்டியாகிவிட்டது. வண்டி மட்டும் அப்படியே நின்றது. வந்தவர் மச்சானைப் பார்த்தார், பூட்டிலிருந்த சாவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பழக்க தோஷத்தில் கும்பிட்டேன். பூட்டு வாங்கியபோதே அதற்கு இரண்டு சாவி இருந்திருக்கிறது. ஒன்றை எனக்கு, இன்னொன்றை மச்சானுக்குக் கொடுத்திருக்கிறார். முனுசாமி இருந்தபோதும் அதே பூட்டு, அதே இரண்டு சாவி. ஸ்டேஷனில் புகார் எழுதும்போது அவருக்கு இரண்டாவது சாவி ஞாபகம் வரவில்லை. அல்லது வந்திருந்தும் எழுதவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் மேஸ்திரியை அடிக்கவில்லை, திட்டவில்லை. சதாசிவத்தைத் தனியாக அழைத்து, நஷ்டத்தைத் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். வெளியே தெரிந்தால் பர்மிட் போய்விடும், கட்டடம் பாதியில் நின்றுவிடும் என்றார். "தலைவரே, இது எங்க வீட்டு விஷயம். வீட்டோடவே போவட்டும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சதாசிவம் கையை விடுவித்துக்கொண்டார். தெரு முழுவதற்கும் கேட்கிற மாதிரித்தான் பேசினார். "முனுசாமிய ஸ்டேஷனுக்கு அனுப்பினீங்களே, அது யார் வீட்டு விஷயங்க?"

மாகறல் போய் வந்தது

மேஸ்திரி அதற்குப் பிறகு அந்தத் தெருவில் தென்படவில்லை. முதலாளி சங்கத்தின் முன்னால் நின்று, முனுசாமி திருடவில்லை என்று வாய்விட்டுச் சொன்னார். அவரை மறுபடி வேலைக்கு வைத்துக்கொள்வதாகவும் ஒப்புக்கொண்டார். கூப்பிட்டு வர யார் போவது என்று பேச்சு வந்தபோது, நானே போகிறேன் என்று என் வாய் சொல்லிவிட்டது. அவர் வந்தால் எனக்கு வேலை போகும். அது தெரியாமல் இல்லை. ஆனால் அவர் கம்பளியைப் போர்த்தித் தூங்கியவன் நான்; வேறு யார் போவது?

மாகறலில் முனுசாமி களத்துமேட்டில் உட்கார்ந்து, இடது கையால் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தக் கம்பளி. நடந்ததையெல்லாம் சொன்னேன். வண்டி, பாவு, பூட்டில் தொங்கிய சாவி, முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னது எல்லாவற்றையும். பாவு என்ன நிறம் என்று மட்டும் அவர் கேட்டார். அரக்கு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். சந்தோஷப்படுவார், அழுவார், திட்டுவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனவன் நான். அவர் கயிற்றைத்தான் திரித்துக்கொண்டிருந்தார். நான் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து அவர் முன்னால் நீட்டினேன். பாம்பைக் கண்டவர் போல அவர் உடம்பு பின்னுக்குப் போயிற்று. வலது கை, மடங்காத அந்தக் கை, தானாக எழுந்து முகத்துக்கு நேரே வந்து மறைத்தது. யாரோ அடிக்க வந்தது போல.

நான் அவசரமாகச் சாவியை வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வாழ்நாளில் நான் பட்ட பயமெல்லாம் சேர்ந்தாலும் அந்தக் கை எழுந்ததற்கு ஈடாகாது. சற்று நேரம் கழித்து அவர் கையை இறக்கினார். வெட்கப்பட்டவர் போலச் சிரித்தார். பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் கூடவே நடந்து வந்தார். பஸ் வந்ததும் ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு சொன்னார். "நான் திருடலன்னு எனக்கு அப்பவே தெரியும். இப்ப ஊருக்கும் தெரிஞ்சிபோச்சி, சந்தோஷம். சாவி மட்டும் வாணாம்பா, அத நீயே வெச்சிக்க."

அந்தக் கட்டடம் முடிந்த பிறகும் எத்தனையோ இடங்களில் காவல் இருந்துவிட்டேன், ஆனால் சாவியை நீட்டுகிற முதலாளியிடம் "இன்னொன்று யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவேன் என்பதால், கேட்ட மறுநிமிஷமே வேலை இல்லை என்று என்னைத் திருப்பி அனுப்பிய இடங்களும் எனக்கு நிறைய உண்டு.